உடல்நீர்மங்களிலும் உயிரணுக்களிலும் சல்பேட்டுக் கொழுமியங்கள்: ஓர் அறிவியல் தமிழ் நோக்கு

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உயிர்வேதியியல் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போர்க்குக் கொழுப்பையும் கந்தகத்தையும் பற்றி என்ன பேச்சு என்றும் கேட்கலாம். அவ்வினாக்களுக்கு விடையாகவே இக்கட்டுரை அமைகின்றது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கைக் காட்டுகிறார். நோய் இன்னதென அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின் பிழையாது செய்தல் என்பது அவ்வொழுங்கு. அரிய நோய் ஒன்றின் வரலாற்றில் இந்நான்கு படிகளும் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன என்பதையும், அவற்றுள் ஒரு முதன்மையான படி நம் தமிழ்நாட்டு வேலூரில் நிகழ்ந்தது என்பதையும் ஈண்டுக் காண்போம். ஆய்வகம் தரும் முடிவு ஒரு குடும்பத்தின் வீட்டிற்குள் நுழையும்போது எந்தத் தமிழ்ச் சொல்லை அணிந்து வருகிறது என்பது அக்குடும்பத்தின் நல்வாழ்வையே முடிவு செய்யவல்லது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சல்பேட்டும் கொழுமியமும்

திருப்போரூர் வட்டாரத்தார்க்குச் சல்பேட்டு புதிய பொருளன்று. கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளின் உப்பங்கழியோரம் நெடுங்காலம் உப்பு விளைந்துள்ளது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு உண்டு. பாத்தியில் நீர் வற்றுங்கால், சமையலுப்பு படிவதற்கு முன்பே கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சம் படிகிறது. உப்பை வாரி எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் சல்பேட்டு மிகுந்திருக்கும். கந்தக அணு ஒன்றைச் சூழ்ந்து நான்கு உயிர்வளி அணுக்கள் நிற்கும் அமைப்பே சல்பேட்டு. அது எதிர்மின் சுமை உடையது, நீரை விரும்புவது.

கொழுமியம் என்பது கொழுப்பு, எண்ணெய், கொலஸ்டிரால் முதலிய பொருள்கள் அனைத்திற்கும் உரிய பொதுப்பெயர். லிப்பிடு எனவும் இதனை வழங்குவர். இதன் இயல்பு நீரை வெறுத்தல். நீரை விரும்பும் சல்பேட்டும் நீரை வெறுக்கும் கொழுமியமும் ஒரே மூலக்கூறில் இணைந்தால் அதன் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நோக்கி நிற்கும். இத்தகைய இருமுகப் பொருள்களே சல்பேட்டுக் கொழுமியங்கள்.

இவற்றை ஆக்க உடல் ஒரு தனி வழியைக் கையாள்கிறது. சல்பேட்டு எளிதில் பிற பொருளோடு இணையாது. எனவே உயிரணு தன் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவிட்டு, அதனைச் ‘செயலூக்கம் பெற்ற சல்பேட்டு’ ஆக மாற்றிக் கொள்கிறது. 1950களில் ஃபிரிட்ஸ் லிப்மன் என்னும் அறிஞரின் ஆய்வகம் இப்பொருளின் இயல்பை விளக்கிற்று. இதிலிருந்தே சல்பேட்டு கொழுமியத்தின்மேல் ஏற்றப்படுகிறது.

உடலில் இவை உறையும் இடங்கள்

மனித உடலில் சல்பேட்டுக் கொழுமியங்கள் பலவாகும். அவற்றுள் நான்கினை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, சல்பாடைடு. செரமைடு என்னும் கொழுப்புப் பகுதி, அதனோடு காலக்டோசு என்னும் சர்க்கரை, அச்சர்க்கரையின் மூன்றாம் கரியணுவில் சல்பேட்டு என இது அமைந்திருக்கும். மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல் நரம்பிழையின்மேல் மயலின் என்னும் உறை உண்டு. அவ்வுறையின் கொழுமியத்தில் நூற்றுக்கு நான்கு முதல் ஏழு பங்கு வரை சல்பாடைடு ஆகும். சிறுநீரகத்திலும் பித்தப்பையிலும் இது காணப்படும். 1884இல் மூளையின் வேதியியல் பற்றிப் பெருநூல் எழுதிய தூதிக்கும் என்பவரே, மூளைக் கொழுமியங்களிடையே கந்தகம் உடையது ஒன்று உண்டு என முதலில் கண்டவர்.

இரண்டாவது, கொலஸ்டிரால் சல்பேட்டு. தோலின் மேலடுக்கிலும் குருதியிலும் இது உண்டு. இதிலிருந்து சல்பேட்டை நீக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைந்திருக்கும். அந்நிலையில் தோல் மீன்செதில்போல் உலர்ந்து வெடிக்கும். தாயின் வழியே வரும் இக்குறை பெரும்பாலும் ஆண்மக்களிடமே வெளிப்படும். இதற்குக் காரணமான நொதிக்குறை 1978இல் தெளிவாயிற்று.

மூன்றாவது, சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி வெளியிடும் டி.எச்.ஈ.ஏ. சல்பேட்டு. குருதியில் சுற்றிவரும் ஸ்டீராய்டுகளுள் அளவில் மிகுந்தது இதுவே. பெண்களுக்கு முகத்தில் மிகுதியாக மயிர் முளைக்குமிடத்து மருத்துவர் இதனை அளக்கச் சொல்வதுண்டு.

நான்காவது, சல்பேட்டு ஏறிய பித்த அமிலங்கள். பித்தம் செல்லும் வழி அடைபட்டுக் காமாலை தோன்றும்போது கல்லீரல் இவற்றை மிகுதியாக ஆக்குகிறது. அவை சிறுநீர் வழியே வெளியேறுகின்றன.

இந்நான்கனுள் சல்பாடைடு என்னும் முதலாவதையே இனி விரிவாக நோக்குவோம். ஏனெனில், இதனை அளந்தறிவதும் அளக்காது விடுவதும் ஒரு குழந்தையின் வாழ்வைத் தீர்மானிக்கும் நிகழ்ச்சிகளாக உள்ளன.

நோய் இன்னதென அறிதல்

நன்கு பிறந்து, தவழ்ந்து, நடக்கக் கற்ற குழந்தை ஒன்று ஒன்றரை முதல் இரண்டரை வயதிற்குள் தடுமாறத் தொடங்குகிறது. கற்ற நடை மறக்கிறது. பேசிய சொற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கால்கள் விறைக்கின்றன. விழுங்குதல் அரிதாகிறது. சில ஆண்டுகளில் முடிவு நேர்கிறது. பள்ளிப் பருவத்தில் தோன்றும் வகையும், வளர்ந்தபின் மனநோய்போல் தோன்றும் வகையும் உண்டு. குழந்தைப் பருவ வகையே மிகுதி. இந்நோய்க்கு மெட்டகுரோமாட்டிக் லியூக்கோடிஸ்டிரபி என்று பெயர். நாற்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இது காணப்படுவதாக அயல்நாட்டு அறிஞர் மதிப்பிடுவர்.

இப்பெயரின் பொருள் நோக்கத்தக்கது. சில நீலச் சாயங்கள் இயல்பான திசுவின்மேல் நீலமாகவே படியும். சல்பாடைடு குவிந்த இடத்தில் மட்டும் செம்மையோ பழுப்போ ஆகி நிறம் திரியும். இவ்வாறு நிறம் திரிதலே பெயரின் முற்பகுதி. மூளையின் வெண்பொருள் சிதைதல் அதன் பிற்பகுதி. எனவே இதனை ‘நிறத்திரிபு வெண்பொருட் சிதைவு’ எனத் தமிழில் வழங்கலாம் எனக் கருதுகிறோம்.

1910இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் இத்தகைய நிறத்திரிபை ஒரு நோயாளியின் மூளையில் கண்டார். எனினும் இறந்தபின் மூளையை அறுத்துக் காண்பதால் பெற்றோர்க்கு என்ன பயன்? 1957இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டின், உயிரோடிருக்கும் குழந்தையின் சிறுநீரில் படியும் வண்டலை ஆய்ந்தே இந்நோயை அறியலாம் எனக் காட்டினார். நோய் மூளையில் இருப்பினும், சிறுநீரகக் குழல்களின் உயிரணுக்களிலும் அக்கொழுமியம் குவிந்து, அவ்வணுக்கள் உதிர்ந்து சிறுநீரில் வருவதே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டையொட்டி, குவிந்த பொருள் சல்பாடைடே என்பதை ஆஸ்டினும் ஜெர்மனியின் யாட்ஸ்கெவிட்சும் தனித்தனியே உறுதி செய்தனர்.

வேலூரில் கண்ட வேர்

நோய் அறியப்பட்டது, காரணம் எஞ்சியது. சல்பாடைடு ஏன் குவிகின்றது? மிகுதியாக ஆக்கப்படுகிறதா, அன்றி ஆக்கப்பட்டது சிதைக்கப்படாமல் தங்குகிறதா? இவ்வினாவிற்கு விடை காண்பதில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம் பெரும்பங்கு வகித்தது.

அங்குப் பணியாற்றியவர் பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாவில் 1925இல் பிறந்து, அமெரிக்காவில் ஆய்வு செய்து, 1950களின் இறுதியில் வேலூர் வந்து சேர்ந்தவர். பெரிய நகரமும் பெரும் பல்கலைக்கழகமும் அல்லாத ஊரில், நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையின் அரவணைப்பில் அவர் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தார். ஏ.எஸ்.பாலசுப்பிரமணியன் முதலிய இளைஞர்கள் அவரோடு இணைந்தனர். சல்பேட்டு எவ்வாறு செயலூக்கம் பெறுகிறது, எவ்வாறு சிதைகிறது, மூளையில் எவ்வாறு கொழுமியத்தின்மேல் ஏறுகிறது என்பன அவர்களது ஆய்வுப் பொருள்கள். செயலூக்கம் பெற்ற சல்பேட்டிலிருந்து சல்பாடைடு உருவாவதை ஆட்டின் மூளையைக் கொண்டு காட்டிய அவர்களது கட்டுரை 1965இல் வெளிவந்தது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1963இல், அமெரிக்காவின் ஆஸ்டினும் வேலூரின் பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், பச்சாவத் முதலியோரும் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். சர்க்கரையோடு கூடிய கொழுமியங்கள் தொடர்பான மூன்று நோய்களில் நொதிகளின் செயலை ஒப்புநோக்கிய ஆய்வு அது. நிறத்திரிபு வெண்பொருட் சிதைவில் அரைல்சல்பேட்டேஸ் ஏ என்னும் நொதியின் செயல் மிகக் குறைந்திருப்பதை அது புலப்படுத்திற்று. எனவே, ஆக்கம் மிகுதியன்று. சிதைவு தடைப்படுதலே காரணம் என்பது தெளிவாயிற்று. சல்பேட்டைக் கொழுமியத்திலிருந்து கழற்றும் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது எனலாம்.

உயிரணுவுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் சிறு பை ஒன்றுண்டு. லைசோசோம் என்று அதனைக் கூறுவர். 1955இல் தே துவே என்பவர் அதனை அறிமுகப்படுத்தினார். அரைல்சல்பேட்டேஸ் ஏ அப்பைக்குள் பணியாற்றும் நொதியாகும். அது குறைந்தால் பை நிரம்பி வழியும். மயலினை ஆக்கும் உயிரணுக்கள் மடியும். இந்நொதிக்குரிய மரபணு 22ஆம் குரோமோசோமில் உள்ளது.

பச்சாவத் 1962இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1990இல் பத்மபூஷண் விருதும் பெற்று, 1996இல் மறைந்தார். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியே சென்றால் சில மணிநேரத்தில் அடையக்கூடிய ஊரில், உலக மருத்துவ நூல்கள் இன்றும் குறிக்கும் ஒரு கண்டுபிடிப்பின் பங்கு நிகழ்ந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். வங்கத்தில் பிறந்தவரும் தமிழ் இளைஞரும் அமெரிக்க மருத்துவரும் கிறித்தவ மருத்துவமனை ஒன்றில் கூடி அறிவைத் தேடினர். அறிவுக்கு ஊரும் மதமும் வேலியல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பகுத்தாயும் முறைகள்

சல்பாடைடை அளப்பது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி பிரித்தெடுத்தல். சிறுநீரையோ குருதியையோ உயிரணுக்களையோ குளோரோபாரமும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று என்னும் அளவில் கலந்த நீர்மத்தில் இட்டுக் குலுக்குவர். 1957இல் ஃபோல்ச் என்பவரும் துணைவரும் வெளியிட்ட முறை இது. நீர் சேர்த்து நிறுத்தியதும் கலவை இரு படலங்களாகப் பிரியும். கொழுமியங்கள் கீழே குளோரோபாரத்தில் தங்கும். உப்பும் சர்க்கரையும் மேலே நிற்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுநீரில் சல்பாடைடு பெரும்பாலும் வண்டலோடு சேர்ந்து அடியில் படிந்திருக்கும். நன்கு குலுக்காமல் மேல்நீரை மட்டும் எடுத்து அனுப்பினால் நோயுற்ற குழந்தையும் நலமுடைய குழந்தைபோல் தோன்றும்.

இரண்டாம்படி வேறுபடுத்தல். கொழுமியங்கள் பல கலந்திருப்பதால் அவற்றைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் சிலிக்காப் பொடியை மெல்லிய படலமாகப் பூசி, அதன் அடியில் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்துவர். கரைப்பான் ஏறும்போது ஒவ்வொரு கொழுமியமும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் நிற்கும். மென்படல வண்ணப்பிரிகை என்பது இதன் பெயர்.

மூன்றாம்படி அளத்தல். சல்பாடைடின் எதிர்மின் சுமையோடு அசூர் ஏ என்னும் நேர்மின் சாயம் பிணையும். தனித்திருக்கும் சாயம் குளோரோபாரத்தில் கரையாது. சல்பாடைடோடு பிணைந்த சாயமோ கரையும். ஆகவே குளோரோபாரம் எவ்வளவு நிறம் பெறுகிறதோ அவ்வளவு சல்பாடைடு உண்டு. 1968இல் கீன் என்பவர் வெளியிட்ட இம்முறை எளிமைக்கு எடுத்துக்காட்டாகும்.

இக்காலத்தில் நிறை நிறமாலைமானி என்னும் கருவி இப்பணியைச் செய்கிறது. மூலக்கூறுகளுக்கு மின்சுமை ஏற்றி, அவற்றை நிறைப்படி பிரித்து, பின் உடைத்துப் பார்க்கும் கருவி இது. சல்பாடைடுகளை உடைக்கும்போது 97 என்னும் நிறையுடைய சல்பேட்டுத் துண்டு வெளிப்படும். எடுத்துக்காட்டாக, 24 கரியணுக்களையும் ஓர் இரட்டைப் பிணைப்பையும் கொண்ட கொழுப்பமிலம் உடைய சல்பாடைடு 888 என்னும் நிறையில் தோன்றி, உடைந்ததும் 97ஐத் தரும். இவ்விரு எண்களும் இணைந்து வருமிடத்து ஐயத்திற்கு இடமில்லை. சிறுநீர் சிலபோது நீர்த்தும் சிலபோது செறிந்தும் இருக்குமாதலின், அதிலுள்ள கிரியாட்டினினையும் அளந்து, அதற்கு ஒப்பிட்டே சல்பாடைடின் அளவைக் கூறுவர். வடிதாளில் உலர்த்திய ஒரு துளி குருதியிலிருந்தும் இதனை அளக்க இயலும். பிறந்த குழந்தைகளைச் சோதிக்கும் திட்டங்கள் சில அயல்நாடுகளில் இம்முறையைக் கொண்டே தோன்றின.

நொதியின் செயலை அளப்பதும் ஒரு முறை. இதற்கு நைட்ரோகேட்டகால் சல்பேட்டு என்னும் செயற்கைப் பொருளைக் குருதியின் வெள்ளணுக்களோடு சேர்த்து வைப்பர். நொதி இருப்பின் சல்பேட்டைக் கழற்றும். காரம் சேர்த்ததும் கரைசல் சிவக்கும். வெள்ளணுக்களைக் கொண்டே நோயை அறியலாம் என்பதை 1968இல் பெர்சியும் பிரேடியும் நிறுவினர். அன்றுமுதல் குழந்தையின் உடலை அறுக்காமல், நரம்பில் எடுத்த சிறிது குருதியே போதுமென்றாயிற்று.

இருவகை மயக்கங்கள்

நொதி குறைந்தால் நோய். நொதி இருந்தால் நலம். இவ்வாறு கொள்வது எளிது. எனினும் அது முழு உண்மையன்று. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

முதல் மயக்கம்: நொதி மிகக் குறைந்திருந்தும் சிலர் முழு நலத்தோடு வாழ்கின்றனர். அவர்களிடம் நொதியின் செயல் இயல்பில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கலாம். ஆயினும் அச்சிறு பங்கே சல்பாடைடைச் சிதைக்கப் போதுமானது. இதனைப் போலிக்குறை என்பர். இதற்குரிய மரபணு வேறுபாட்டினை 1989இல் கீசல்மனும் துணைவரும் கண்டறிந்தனர். ஐரோப்பிய மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அல்லது இருவர் இத்தகையோர். நோயோ பல்லாயிரத்தில் ஒருவர்க்கே வருவது. எனவே நொதி குறைந்தவர் அனைவரையும் நோயாளர் என்று கருதினால், நோயாளரைவிடப் பன்மடங்கு நலமுடையோர்மீது அப்பெயர் ஏறிவிடும்.

இரண்டாம் மயக்கம்: நொதி இயல்பாக இருந்தும் நோய் வருவதுண்டு. சல்பாடைடு கொழுப்பின் இயல்புடையதாகலின் நீரில் இயங்கும் நொதியின் கைக்கு எளிதில் எட்டாது. அதனைத் தூக்கி நொதியிடம் தரும் துணைப்புரதம் ஒன்று தேவை. சப்போசின் பி என்பது அதன் பெயர். இப்புரதம் இல்லாதவர்க்கு நொதி நிறைந்திருந்தும் பயனில்லை. சோதனைக் குழாயில் இடும் செயற்கைப் பொருள் நீரில் கரைவது. அதற்குத் துணைப்புரதம் வேண்டா. ஆகவே அச்சோதனை ‘நலம்’ என்றே காட்டும்.

இவ்விரு மயக்கங்களையும் ஒருங்கே தீர்ப்பது எது? கொழுமியத்தையே அளப்பது. போலிக்குறையுடையார் சிறுநீரில் சல்பாடைடு இயல்பளவாகவே இருக்கும். சப்போசின் இல்லாதார் சிறுநீரில் அது பன்மடங்கு உயர்ந்திருக்கும். உழவன் கையில் அரிவாள் இருப்பதை மட்டும் பார்த்து அறுவடை முடிந்தது என்று கூறலாகாது. வயலையும் பார்த்தல் வேண்டும். நொதி அரிவாளாயின் சல்பாடைடே வயல். நொதி, சிறுநீர்ச் சல்பாடைடு, மரபணு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சான்று கூறிய பின்னரே நோய் உறுதி எனல் தகும்.

சொல்லும் பொருளும்

இங்கேதான் தமிழ் பயில்வோர்க்குப் பணி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழியில் பேசாத மருத்துவம் முழுமையற்றது என்பதற்கு அம்முயற்சியே சான்று.

ஆய்வக அறிக்கை நொதி ‘குறைவு’ என்று கூறும். வீட்டார் அதனைக் ‘குறைபாடு’ எனப் புரிந்து கொள்வர். ஊரார் அதனைக் ‘குறையுள்ள பிள்ளை’ என்பர். ஒரு சொல் மூன்று வாய் மாறுவதற்குள் ஓர் எண், ஒரு மனிதர்மேல் வீழ்ந்த தீர்ப்பாக மாறிவிடுகிறது. போலிக்குறையுடைய பெண்ணொருத்தியின் மணப்பேச்சு இதனால் முறியலாம்.

அன்றியும், நோய் மரபணுவை ஒற்றைப் பிரதியாகக் கொண்டு, தாம் நலமாக வாழ்வோரைக் ‘கடத்தி’ என்று சில நூல்கள் கூறுகின்றன. கள்ளப்பொருள் கொண்டு செல்வோரையும் மின்சாரம் பாயும் கம்பியையும் நினைவூட்டும் சொல் அது. தொற்றுநோயைப் பரப்புபவர் என்னும் தவறான எண்ணத்தையும் அது விளைவிக்கும். ‘மரபுத் தாங்கி’ என்பது பொருத்தமான சொல்லாகும். தாங்குதல் குற்றமன்று, அவர் அறிந்து ஏற்றதுமன்று. நம் துறை மாணவர் கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடுங்கால், சொல்லின் இலக்கணத்தோடு அதனைக் கேட்கும் தாயின் நெஞ்சையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

குடும்பமும் சமுதாயமும்

இந்நோய் தந்தை, தாய் இருவரும் மரபுத் தாங்கிகளாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு வரும். அத்தகைய இணைக்கு ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர்க்கு வராது என்பது கணக்கறியாதார் கூற்று. ஒவ்வொரு பேற்றிற்கும் அக்கணக்குப் புதிதாகவே தொடங்கும். தாயை மட்டும் பழிப்பதற்கும் இதில் சிறிதும் இடமில்லை. இருவர் பங்கும் சமமே.

நெருங்கிய உறவில் மணப்போர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மரபணுவைப் பெற்றிருக்கக் கூடும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை உறவுமுறை மணங்கள். இது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இந்துக்களிடையே உண்டு; இஸ்லாம் அதனை விலக்கியுள்ளது. மாமன் மகள், அத்தை மகன் மணம் இருசாராரிடமும் உண்டு. இஸ்லாத்தில் அது அனுமதிக்கப்பட்டதே அன்றிக் கட்டளையிடப்பட்டது அன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். உடன்பிறந்தாரின் மக்கள் தம்முள் மணந்தால் பிறவிக்குறையின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று என்பதிலிருந்து ஆறு என்னும் அளவிற்கு உயரும் என்பர். அவ்வாறாயினும் பெரும்பான்மையான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர். எனவே அச்சுறுத்தல் வேண்டா, அலட்சியமும் வேண்டா.

குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இந்நோய் உறுதியானால், அதே கிளையில் மணம் பேசுவதற்கு முன்னர் இருவரும் மரபணுச் சோதனை செய்து கொள்ளுதல் நன்று. சவூதி அரேபியா 2004 முதல், தாலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகிய குருதி நோய்களுக்காக மணத்திற்கு முந்திய சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. சோதனைக்குப்பின் மணப்பதும் தவிர்ப்பதும் அவரவர் முடிவாகவே விடப்பட்டுள்ளது. நம் ஜமாஅத்துகளும் உலமாக்களும் நிக்காஹ் பதிவு செய்யுமிடத்து இதுபற்றி ஓர் அறிவுரை கூறினால் போதும். முடிவுகளை மறைவாகக் காத்தலும், அதனைக்கொண்டு எவரையும் இழிவுபடுத்தாமையும் பெரியோர்க்குரிய அமானிதமாகும்.

தணிக்கும் வழி

1971இல் போர்ட்டர் முதலிய அறிஞர்கள், நோயாளியின் தோல் உயிரணுக்களை வளர்த்து, வெளியிலிருந்து நொதியைச் சேர்த்தனர். அவ்வணுக்கள் நொதியை ஏற்றுச் சல்பாடைடைச் சிதைக்கத் தொடங்கின. இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. நொதியைத் தரும் பிறருடைய எலும்பு மச்சை உயிரணுக்களைச் செலுத்துதல், நோய்க்குறி தோன்றுமுன் அல்லது தொடக்கநிலையில், குறிப்பாகத் தாமதித்து வரும் வகைகளில், பயன் தருகிறது. நோயாளியின் சொந்த உயிரணுக்களில் நல்ல மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்தும் மருத்துவம் 2020 டிசம்பரில் ஐரோப்பாவிலும், 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஏற்பளிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை 42.5 லட்சம் டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய். இந்திய அரசின் அரியநோய்க் கொள்கை 2021இல் வெளிவந்தது. அதன்கீழ் உதவித்தொகையின் வரம்பு 2022இல் ஒருவர்க்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்விரு தொகைகளுக்கும் இடையேயுள்ள தூரம் வெளிப்படை.

ஆயின் ஒன்று நினைக்கத்தக்கது. இம்மருத்துவங்கள் அனைத்தும் நோய் முற்றியபின் பயன்படா. நடை தளர்ந்து, பேச்சு மறைந்த குழந்தைக்குச் சிதைந்த மயலினை மீட்டளிக்க இயலாது. எனவே காலமே இங்கு மருந்து. நன்கு நடந்த குழந்தை காரணமின்றி நடை இழப்பின் ‘தானே சரியாகும்’ என்று காத்திராமல் உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோயுற்ற குழந்தைக்குப்பின் பிறந்த தம்பி தங்கையரை நோய்க்குறி தோன்றுமுன்பே சோதித்தல் அதனினும் இன்றியமையாதது.

முடிவுரை

சல்பேட்டுக் கொழுமியங்கள் உடலில் பலவாக இருப்பதையும், அவற்றுள் சல்பாடைடு சிதையாது குவிதலே நிறத்திரிபு வெண்பொருட் சிதைவு என்னும் நோயாவதையும், அதற்குக் காரணமான நொதிக்குறை 1963இல் வேலூரின் பங்களிப்போடு அறியப்பட்டதையும் கண்டோம். நொதியை மட்டும் அளந்து முடிவு கூறின் நலமுடையார் நோயாளராகவும், நோயாளர் நலமுடையாராகவும் தோன்றக்கூடும் என்பதையும், கொழுமியத்தை நேரே அளத்தலே அம்மயக்கத்தைத் தீர்க்கும் என்பதையும் அறிந்தோம்.

அறிவியல் மாணவர் இவ்வாய்வு முறைகளைச் செம்மையாகக் கற்க வேண்டும். தமிழ் மாணவர் அவற்றை மக்களுக்கு உரைக்கும் சொற்களைப் பிழையின்றி ஆக்க வேண்டும். சமுதாயப் பெரியோர் அச்சொற்கள் எவரையும் புண்படுத்தாவண்ணம் காத்து, சோதனைக்கு வழிகாட்ட வேண்டும். இம்மூவரும் தத்தம் பணியைச் செய்யுமிடத்து, ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை தன் நடையை இழக்காதிருக்கும்.